உப்பு நீர் கூடாது

உறையின் பின்பக்கம், பொடி எழுத்தில்:
உப்பு நீர் கூடாது.
காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

பதினோரு வருடமாக
எந்தப் புண்ணையும் சலைனில்தான் கழுவுகிறேன்.
கை தன்பாட்டுக்கு அந்தப் பாட்டிலுக்குப் போகிறது.
பாதியில் பிடித்துத் திருப்புகிறேன்,
மேய்ச்சல் தவறிய மாட்டைப் போல.

மாதேஷ். இடது கை,
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.
காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் ஃபேக்டரி.
லாரி லாரியாகப் பெங்களூரா வந்து இறங்கும் ஜூன்,
மூன்றாம் ஷிஃப்ட், நீராவி வால்வு.
‘புஸ்ஸுனு ஒரு சத்தம் சிஸ்டர். அவ்ளோதான்.’
நாலு நாள் கழித்து வந்தான்.
நாலு நாளும் டூத்பேஸ்ட்.

கட்டைப் பிரித்ததும்
ஒரு பழ வாசனை எழுந்தது.
‘கூழு வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போவாது’ என்றான்.
கூழ் இல்லை.
பச்சையாய்ப் படிந்திருந்ததைத் துடைத்தேன்.
அதற்கு ஒரு பெயர் உண்டு,
சொல்லவில்லை.

‘வெள்ளின்னீங்க. கரியாட்டம் இருக்குது?’

நுணுக்கி நுணுக்கி
ஒரு தலைமுடியின் அகலத்துக்குள்
ஆயிரக்கணக்கில் வரிசை கட்டும் அளவுக்கு நுணுக்கினால்
வெள்ளிக்கு மினுக்கம் போய்விடும் தம்பி.
ஈரம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையும்.
கரைந்தது போய்க் கிருமியின் சுவரைக் குடையும்.
உப்பு பட்டாலோ
அதோடு கட்டிக்கொண்டு சும்மா கிடக்கும்.

‘எத்தினி கிராம் தேறும்?’
உன் அடகுக்கடைத் தராசில் முள் அசையாது.
சிரித்தான். சிரித்தபோது
கையும் குலுங்கி, முகம் கோணிற்று.

பீரோவில் ஒரே ஒரு உறை.
மூன்று முறை இண்டெண்ட் எழுதியாயிற்று.
ஒரு உறை ஒரு நோயாளிக்கு என்பது விதி,
என் கையெழுத்திலேயே சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஏழாம் படுக்கையில் ரிஹானா.
நாலு வயது, பழையபேட்டை.
கொதிக்கும் டீ, வலது தொடை.
மாதேஷுக்கு வெட்டியதுபோக மிஞ்சும் துண்டு
அவள் தொடைக்குச் சரியாக இருக்கும்.
இதை நான் வெட்டுவதற்கு முன்பே
கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

காலை ஒன்பதரைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.
டாக்டர் ஓபியில் இருந்தார்.
தேவகி அக்கா உறையைக் கிழித்தாள்.
யார் மேலும் படுமுன்
கத்தரி ஒரே போக்கில் போனது.
புது கையுறை. ஒரு துண்டு அவனுக்கு.
மறுபடி புது கையுறை. ஒரு துண்டு அவளுக்கு.
அக்கா ஒன்றும் கேட்கவில்லை,
கதவை மட்டும் காலால் சாத்தினாள்.

ஃபேன் ஓடவில்லை.
என் நெற்றியிலிருந்து வியர்வை
மூக்கு நுனிவரை வந்து நின்றது.
அக்கா எட்டித் துடைத்தாள்.
குழந்தையின் அம்மா ஷமீம்
குனிந்து குனிந்து, சத்தமில்லாமல்
அழுதுகொண்டிருந்தாள், தொடைக்கு நேர் மேலே.
கொஞ்சம் தள்ளி உட்காரம்மா என்றேன்.
அதட்டியதுபோல் ஆகிவிட்டது.
காரணம் சொல்லியிருக்கலாம்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: உறை ஒன்று, மாதேஷ்.
ரிஹானாவின் தாளில் ‘கட்டு மாற்றப்பட்டது’.
எதைக் கொண்டு என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது,
அப்புறம் ஒரு கோடு இழுத்தது.

மூன்றாம் நாள் பிரித்தபோது
பழ வாசனை இல்லை.
ஓரமெல்லாம் சாம்பல் கறை,
சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த மாதிரி.
‘வெள்ளி போதும்’ என்றார் டாக்டர்.
‘இனிமே போட்டா புதுத்தோலையும் தயங்க வைக்கும்.’
நல்லது செய்வதை
நிறுத்தவும் ஒரு நாள் இருக்கிறது.

கரிய துண்டு மஞ்சள் பைக்குள் விழுந்தது.
மாதேஷ் எட்டிப் பார்த்தான்.
‘எரிச்சிடுவீங்களா? வெள்ளிய?’
வெள்ளி எரியாது. சாம்பலில் கிடக்கும்.
‘அப்ப அந்தச் சாம்பல யாரு எடுத்துக்குவாங்க?’
தெரியவில்லை.
பதினோரு வருடத்தில் தோன்றாத கேள்வி.

ரிஹானா நொண்டி அடித்து ஓடுகிறாள்.
கட்டு இன்னும் அவிழவில்லை, நாளை பார்க்கவேண்டும்.

திங்களன்று ஸ்டோரிலிருந்து
இண்டெண்டுக்குப் பதிலாக இரண்டு அட்டைப்பெட்டி வந்தன.
ஆவலாய்ப் பிரித்தோம்.
சலைன்.
நாற்பத்தெட்டு பாட்டில்.